கரைந்தால் போதுமா?

பேக்கேஜிங் ஃபிலிம் ஆலையில் 26 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: லண்டன் மாரத்தானில் ஓடியவர்களுக்கு பாட்டிலுக்குப் பதிலாக, அப்படியே வாயில் போட்டுக்கொள்ளும் உருண்டைகளில் பானம் கொடுத்தார்களாமே! அவ்வளவு நல்ல சமாச்சாரம் என்றால் ஏன் கடைகளில் காணோம்?
– கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: கொடுத்தது உண்மைதான். 2019 ஓட்டத்தில் 30,000க்கும் மேற்பட்ட உருண்டைகள் கொடுத்தார்கள். உள்ளே இருந்தது லூகோசேட் என்கிற விளையாட்டு பானம். செய்தது நாட்ப்ளா என்ற லண்டன் நிறுவனம். உருண்டைக்கு அவர்கள் வைத்த பெயர் ஊஹோ. ரோட்ரிகோ கார்சியா கொன்சாலஸ், பியர் பாஸ்லியே என்ற இருவர் மாணவர்களாக இருந்தபோது சமையலறையில் ஆரம்பித்த வேலை இது. 2022இல் நாட்ப்ளா, எர்த்ஷாட் என்ற சுற்றுச்சூழல் பரிசும் வாங்கிவிட்டது.

உருண்டையின் தோல், பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட். சோடியம் ஆல்ஜினேட்டைத் தண்ணீரில் கலக்கினால் கஞ்சி மாதிரி கொழகொழவென்று நிற்கும். அதில் கால்சியம் பட வேண்டியதுதான், தனித்தனியாக மிதந்த நீள இழைகளையெல்லாம் அது பக்கத்துக்குப் பக்கம் கோத்துப் பிடித்துக்கொள்ளும். பட்ட இடத்தில் ஒரு சவ்வு உண்டாகிவிடும். சூடு வேண்டாம், இயந்திரம் வேண்டாம்.

நானும் வீட்டில் எட்டு உருண்டை செய்து பார்த்தேன். பேத்தி ஒன்றை உள்ளங்கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் உருட்டினாள். "தாத்தா, இது என்னைப் பாக்குது" என்றாள். வாயில் போட மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். நான் போட்டுக் கடித்தேன். 'பொளக்' என்று உடைந்தது, தண்ணீர் தொண்டைக்குப் போனது, மெல்லுவதற்கு ருசியில்லாத ஒரு தோல் மட்டும் நாக்கில் மிஞ்சியது. மிச்ச ஏழையும் தட்டில் வைத்து, மூடாமல் தூங்கப் போய்விட்டேன். காலையில் தட்டெல்லாம் ஈரம். உருண்டைகள் உலர்ந்த திராட்சை மாதிரி சுருங்கிக் கிடந்தன.

உங்கள் கேள்விக்குப் பதில் அந்தத் தட்டில்தான் இருக்கிறது. அந்தச் சவ்வே பெரும்பாலும் தண்ணீர். தண்ணீரைத் தண்ணீராலேயே கட்டிப்போட்டால் எத்தனை நாள் நிற்கும்? பாட்டில் மாதக்கணக்கில் தாங்கும். கடைக்காரருக்கு வேண்டியதும் அதுதான். ஓட்டப் பந்தயத்தில் கதை வேறு. எத்தனை பேர் வருவார்கள், எந்த நாளில் குடிப்பார்கள் என்று முன்கூட்டியே தெரியும். கொண்டுவந்த சூட்டோடு காலியாகிவிடும்.

அப்புறம், கை விஷயம் ஒன்று இருக்கிறது. ஆரஞ்சை எத்தனை பேர் தொட்டாலும் தோலை உரித்துவிட்டுச் சாப்பிடுகிறோம். இங்கே தோலும் சேர்த்துத்தான் தீனி. அதனால் அதை வண்டியில் ஏற்றவும், கை படாமல் காக்கவும் இன்னொரு பெட்டி வேண்டும். ஊஹோவுக்குக் கிடைத்த பேர் பெரிது. ஆனால் அதே நிறுவனம் உணவு கட்டிக்கொடுக்கும் அட்டைப் பெட்டிகளுக்குக் கடற்பாசியில் செய்கிற உள்பூச்சுதான் எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. அந்த அட்டைக்குள் வழக்கமாக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். கண்ணுக்கே தெரியாது, அதனால் அதைப் பற்றி யாரும் கேட்பதும் இல்லை.

கேள்வி: துணி துவைக்கும் சோப்பு திரவம் குட்டிக் குட்டிப் பொட்டலமாக வருகிறது. மெஷினில் போட்டால் உறையும் சேர்ந்து கரைந்துவிடுகிறது. அப்படியானால் அது பிளாஸ்டிக் இல்லைதானே?
– குடும்பத் தலைவி ஒருவர்

பதில்: பிளாஸ்டிக்தான். பாலிவினைல் ஆல்கஹால் என்று பெயர், நாங்கள் பிவிஏ என்போம். பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து செய்வது. அதன் இழை நெடுகத் தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும் கொக்கிகள் இருப்பதால் கரைகிறது. ஆனால் கரைவது வேறு, மக்குவது வேறு. ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்குங்கள். உப்பு கண்ணுக்குத் தெரியாது, குடித்துப் பார்த்தால் கரிக்கும். பிவிஏவும் அப்படித்தான் சாக்கடை வழியே போகிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் அதைத் தின்னப் பழகிய நுண்ணுயிர்கள் இருந்து, தின்று முடிக்க நேரமும் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் அது பாட்டுக்கு ஓடும்.

இந்த ஃபிலிமோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஒரு மழை நாளில், உறை பிரித்த ரோலைத் திரும்ப மூடாமல் ஷிப்ட் முடிந்து கிளம்பிவிட்டேன். மறுநாள் ரோலின் மேல்சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி மெழுகுக் கட்டையாகிவிட்டன. கத்தியால் கீறியும் பிரியவில்லை. காற்றில் இருந்த ஈரமே அதற்குப் போதுமானதாக இருந்தது. தண்ணீரில் கரைவதை வியாபாரம் செய்கிறவனுக்குத் தண்ணீர்தான் முதல் எதிரி.

கேட்காத ஒன்றும் சொல்கிறேன். கரையும் உறை என்பதால் அது தின்னும் உறை ஆகிவிடாது. அந்தப் பொட்டலங்கள் பளபளவென்று மிட்டாய் மாதிரி இருக்கின்றன. உள்ளே இருப்பது அடர்த்தியான சோப்பு, குழந்தை கடித்தால் ஆபத்து. உயரத்தில், பூட்டி வையுங்கள்.

கேள்வி: தின்னக்கூடிய உறை என்பது புதுக் கண்டுபிடிப்பா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: ஐயா, நீங்கள் விழுங்கிய முதல் கேப்ஸ்யூலை நினைத்துப் பாருங்கள். ஜெலட்டின் கேப்ஸ்யூலுக்கு பிரான்சில் 1834லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். ஐஸ்கிரீம் கோனும் இந்த வகைதான். ஜப்பானில் மாவுச்சத்தால் ஆன ஓப்லாட் என்ற மெல்லிய தாளில் மிட்டாய் சுற்றுவார்கள், நாக்கில் பட்டதும் கரைந்துவிடும். ஆனால் அந்தக் கேப்ஸ்யூல் உங்கள் கைக்கு எப்படி வந்தது? பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேர்ந்த பட்டைக்குள்தானே! நூற்றுத் தொண்ணூறு வருஷமாகியும் தின்னும் உறைக்கு ஒரு மேலுறை தேவைப்படுகிறது.

கேள்வி: பாலிலிருந்து உறை செய்கிறார்களாம். பிளாஸ்டிக்கை விட நல்லதாமே?
– உணவுப் பொருள் தயாரிப்பாளர் ஒருவர்

பதில்: ஒரு விஷயத்தில் மட்டும். அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் பாலின் கேசீன் புரதத்தில் ஃபிலிம் செய்து 2016இல் அறிவித்தார்கள். ஆக்சிஜனைத் தடுப்பதில் சாதாரண பிளாஸ்டிக்கை விட 500 மடங்கு வரை மேல் என்றார்கள். எண்ணெய்ப் பண்டம் காறாமல் இருக்க, பாலாடைக்கட்டி கெடாமல் இருக்க இது பெரிய குணம். வெறும் கேசீன் தண்ணீர் பட்டால் சட்டென்று கரைந்துவிடுகிறது என்று எலுமிச்சை வகைப் பழங்களிலிருந்து எடுக்கும் பெக்டின் என்ற கூழ்ப்பொருளைச் சேர்த்துக் கெட்டிப்படுத்தினார்கள். ஆனாலும் ஈரம் ஈரம்தான், வெளியே இன்னொரு உறை வேண்டும். நீங்கள் தயாரிப்பாளர் என்பதால் இன்னொன்று: பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு எச்சரிக்கை அச்சிட மறக்காதீர்கள். உறைக்குள் இருக்கும் பண்டத்தில் ஒரு சொட்டுப் பால் இல்லாவிட்டாலும் அச்சிட வேண்டும்.

கேள்வி: கோப்பையில் 'மக்கும்' என்று எழுதியிருக்கிறது. தோட்டத்தில் புதைக்கலாமா?

பதில்: பிஎல்ஏ, அதாவது தாவர மாவுச்சத்திலிருந்து செய்கிற பிளாஸ்டிக் கோப்பை என்றால் வேண்டாம். அது ஒழுங்காக மக்க, 60 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் சூடு நிற்கும் உரக்கிடங்கு வேண்டும். உங்கள் தோட்டத்து மண்ணில் வருஷக்கணக்கில் கோப்பையாகவே இருக்கும்.

கேள்வி: அந்த உருண்டையை வீட்டில் செய்ய முடியும் என்று முன்பு ஒரு பதிலில் சொன்னீர்கள். அளவு சொல்லுங்களேன், பிள்ளைகள் கேட்கிறார்கள்.
– ஒரு தகப்பனார்

பதில்: அரை லிட்டர் தண்ணீருக்கு இரண்டரை கிராம் சோடியம் ஆல்ஜினேட், உணவுத் தரம். கட்டி தட்டாமல் மிக்ஸியில் அடியுங்கள். நுரைத்துக்கொண்டு வெள்ளையாகிவிடும், பதற வேண்டாம். ஒரு ராத்திரி வைத்தால் குமிழியெல்லாம் ஏறிப் போய்த் தெளிந்துவிடும். குடிக்கிற பானத்தில் கால்சியம் லாக்டேட்டை, நூறு மில்லிக்கு இரண்டு கிராம் என்று கலந்து, அரை உருண்டை அச்சுகளில் ஊற்றி உறைய வையுங்கள். அந்தக் கட்டிகளை ஆல்ஜினேட்டில் ஒன்றோடொன்று ஒட்டாதபடி போட்டு, மூன்று நிமிஷம் மெதுவாகத் திருப்பிவிட்டு, துளைக் கரண்டியில் எடுத்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். உள்ளே பனி உருகும்வரை பொறுங்கள். லாக்டேட் கிடைக்கவில்லை என்று கால்சியம் குளோரைடு போட்டுவிடாதீர்கள். நான் முதல் தடவை அதைத்தான் போட்டேன், கசப்பு சாயங்காலம் வரை நாக்கை விட்டுப் போகவில்லை.