மகள் பி.எஸ்சி. இயற்பியல் கேட்கிறார்: சேர்க்கலாமா?

பொறியியல் கலந்தாய்வில் நல்ல இடம் கிடைக்கும் நிலையில், பி.எஸ்சி. இயற்பியல்தான் வேண்டும் என்று மகள் பிடிவாதமாக நின்றால் பெற்றோர் கலங்குவது நியாயமே. முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மூன்று வருடப் பட்டத்தோடு நின்றுவிட்டால் இயற்பியலுக்கென்று தனி வேலை மிகக் குறைவு. எம்.எஸ்சி.யையும் சேர்த்து ஐந்து வருடம் என்று எண்ணித்தான் இறங்க வேண்டும்.

விண்வெளி வீடியோக்களை விரும்பிப் பார்ப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பிளஸ் டூ புத்தகத்தை மூடிவைத்து, மின் இருமுனையின் (சிறு இடைவெளியில் உள்ள இரண்டு சமமான எதிரெதிர் மின்னூட்டங்களின்) அச்சுக்கோட்டில் தொலைவில் உள்ள ஒரு புள்ளிக்கு மின்புலத்தைத் தருவிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு கேள்வி: தனி மின்னூட்டத்திலிருந்து தொலைவு இரட்டித்தால் புலம் நான்கில் ஒன்றாகிறது, இருமுனையில் ஏன் எட்டில் ஒன்றாகிறது? எதிரெதிர் மின்னூட்டங்களின் புலங்கள் ஏறக்குறைய ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, மிஞ்சும் சிறு வித்தியாசம் இன்னும் வேகமாகக் குறைகிறது என்பதே விடை. உடனே சொல்ல வேண்டியதில்லை. தாளும் பேனாவுமாக அரைமணி நேரம் முட்டிமோதுகிறாரா என்று பாருங்கள். முட்டிமோதினால் தயங்காமல் சேருங்கள். கணக்கு கசக்கிறது, ஆனால் கருவிகளைப் பிரித்து மாட்டுவது பிடிக்கிறது என்றால் எலெக்ட்ரானிக்ஸ் அல்லது இன்ஸ்ட்ரூமென்டேஷன் அவருக்கு நன்றாகப் பொருந்தும்.

ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்து வருட பி.எஸ்.-எம்.எஸ். படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். அதன் நுழைவுத்தேர்வில் 60 கேள்வி, 240 மதிப்பெண். அதில் கால்பங்கு உயிரியல். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும், ஆகவே தெரியாததைக் குருட்டாம்போக்கில் குறிக்க வேண்டாம்.

ஊர்க் கல்லூரி என்றால் ஆய்வகத்தை நேரில் போய்ப் பாருங்கள். ஒளி விலகும் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்றுக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். ஐந்து பேர் சூழ்ந்து நின்றால் ஒருவர் அளவெடுப்பார், நால்வர் ரெக்கார்டு நோட்டில் பார்த்து எழுதுவார்கள். அந்தக் கருவியின் கோண அளவைக் காட்டும் வெர்னியர் 360 டிகிரியைத் தாண்டும்போது 360-ஐக் கூட்டிக்கொண்டு கழிக்க வேண்டும் என்பது அந்த நால்வருக்கும் கடைசிவரை தெரியாமல் போகும்.

சேர்ந்த பிறகு பெரும்பாலோர் தவறவிடுவது துணைப்பாடமாக வரும் கணிதத்தை, அதாவது அலைடு மேத்ஸை. தேர்ச்சி பெற்றால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். மின்காந்தவியலுக்கு வெக்டர் கால்குலஸ் வேண்டும்; குவாண்டத்துக்கு வகைக்கெழுச் சமன்பாடுகளும் அணிகளும் வேண்டும். இவை கைவராதவர் அதன்பின் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத்தான் முடியும். முதல் இரண்டு செமஸ்டரில் தினமும் ஒரு மணி நேரம் கையால் கணக்குப் போடட்டும். இதற்கு மாற்றாக எந்தக் கோச்சிங்கும் இல்லை.

ஐஐடி முதலிய இடங்களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பமோ முந்தைய செப்டம்பர்-அக்டோபரில், அதாவது ஐந்தாம் செமஸ்டரிலேயே, முடிந்துவிடும். ஆறாம் செமஸ்டரில் விசாரிக்கத் தொடங்குபவருக்கு ஒரு வருடம் வீணாகும். இயற்பியல் தாளில் 60 கேள்வி, 100 மதிப்பெண். அதில் 20 கேள்விகளுக்கு விடையை எண்ணாகவே கொடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்க நான்கு விடைகள் இருக்காது.

மூன்று வருடத்தில் குடும்பச் சூழல் மாறினாலும் வழி உண்டு: பி.எட். முடித்து ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் எழுதலாம், எம்.சி.ஏ. சேரலாம், பிளஸ் டூவில் கணிதம் படித்திருந்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். எம்.எஸ்சி.க்குப் பிறகு கல்லூரியில் கற்பிக்க நெட், செட் எனும் தகுதித் தேர்வுகளில் ஒன்றில் தேர்ச்சி அல்லது முனைவர் பட்டம் தேவை. அணுசக்தித் துறையின் பாபா அணு ஆராய்ச்சி மைய (பார்க்) பயிற்சிப் பள்ளியும் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவர்களை எடுக்கிறது.

பலருக்கும் தெரியாத நல்ல பாதை மருத்துவ இயற்பியல். புற்றுநோய்க் கதிர்வீச்சு சிகிச்சையில் நோயாளிக்குச் செல்லும் கதிரின் அளவைக் கணக்கிட்டுச் சரிபார்ப்பவர் மருத்துவ இயற்பியலாளர்தான். அண்ணா பல்கலைக்கழகத்தில் இதற்கு எம்.எஸ்சி. உண்டு. படித்து முடித்ததும் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் 12 மாதப் பயிற்சி கட்டாயம். இந்தப் படிப்பை எங்கே தேர்ந்தெடுத்தாலும், அந்தப் பயிற்சி இடத்தை நிறுவனமே ஏற்பாடு செய்து தருமா என்பதை, கட்டணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.