காலாவதியான மாற்று எரிபொருள் சட்டங்கள்: கேள்வி பதில்

அமெரிக்க மாநிலங்களின் எரிபொருள் சட்டங்களைப் பல வருடமாகப் படித்து வருகிறேன். பெட்ரோல், டீசலுக்குப் பதிலான எத்தனால், எரிவாயு போன்ற மாற்று எரிபொருள்களுக்காக எழுதிய பழைய சட்டங்களை நீக்குவது பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: யாரும் அமல்படுத்தாத சட்டம் ஒரு மூலையில் கிடந்துவிட்டுப் போகட்டுமே, எதற்கு நீக்க வேண்டும்?

பதில்: நீக்கும் வரை அது சட்டம்தான், அதுதான் சிக்கல். மினசோட்டாவில் 2013க்குள் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்க வேண்டும் என்று 2005ல் சட்டம் போட்டார்கள். அதற்கு ஃபெடரல் (மத்திய அரசின்) சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அனுமதி வேண்டும். அது வரவே இல்லை, கெடுவைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட விதி தலைக்கு மேல் தொங்கும்போது பங்க் நடத்துபவர் தொட்டியையும் பம்பையும் மாற்றுவதா வேண்டாமா என்று எப்படி முடிவெடுப்பார்?

கேள்வி: எத்தனால் கட்டாயத்தை நீக்கிய மாநிலங்கள் உண்டா? நீக்கினால் எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைக்குமா?

பதில்: உண்டு. ஃபுளோரிடா 2013ல் நீக்கியது. ஹவாயின் கதைதான் எனக்கு ரொம்ப வருத்தம் தருவது. உள்ளூர்க் கரும்பு விவசாயம் பிழைக்கட்டும் என்று, விற்கும் பெட்ரோலில் 85 சதவீதமாவது 10 சதவீத எத்தனால் கலந்ததாக இருக்க வேண்டும் என்ற விதியை 2006ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளூரில் எத்தனால் ஆலை வரவில்லை, வெளியிலிருந்து கப்பலில் வாங்கிக் கலந்தார்கள். 2015 முடிவோடு விதி போனது, அடுத்த வருடம் மாவி தீவின் கடைசிக் கரும்புத் தோட்டமும் மூடியது. நோக்கம் நல்லதுதான். ஆனால் அது நிறைவேறுகிறதா என்று இடையில் நின்று பார்க்க ஒரு தேதியைச் சட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு: பெரிய மாற்றம் இருக்காது. ஃபுளோரிடாவில் இன்றும் பெரும்பாலான பெட்ரோல் பங்க்குகளில் 10 சதவீதக் கலவைதான். தாவர எரிபொருளைக் கலக்கச் சொல்லும் ஃபெடரல் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் விதி அப்படியே இருக்கிறது, ஆக்டேனை (இன்ஜினில் பெட்ரோல் தட்டாமல் எரியும் திறனை) கூட்டவும் எத்தனால் தேவைப்படுகிறது.

கேள்வி: வரிச்சலுகையையும் நீக்கலாமா?

பதில்: நீக்கலாம், ஆனால் ஏற்கெனவே நம்பியவர்களை நினைத்து நீக்க வேண்டும். அரிசோனாவில் 2000ல் மாற்று எரிபொருள் வண்டிக்குப் பெரிய சலுகை கொடுத்தார்கள். சின்னதாக ஒரு புரொப்பேன் (சமையல் கேஸ் போன்ற எரிவாயு) தொட்டி மாட்டினாலே போதும், அதில் ஓட்ட வேண்டும் என்றுகூட இல்லை. 1 கோடி டாலருக்குள் முடியும் என்று நினைத்த செலவு 50 கோடியை நெருங்கும் என்று தெரிந்ததும் அதே வருடம் சிறப்புக் கூட்டம் போட்டு நிறுத்தினார்கள். அப்போது கடினமான கேள்வி, வண்டிக்கு ஏற்கெனவே ஆர்டர் கொடுத்தவர்களை என்ன செய்வது என்பதுதான். தப்பு அவர்களுடையது இல்லையே!

கேள்வி: கேஸ் வண்டிகளுக்கு எரிபொருள் வரிக்குப் பதில் வருடாந்திர ஸ்டிக்கர் கட்டணம் எதற்கு? அதையும் நீக்கலாமா?

பதில்: வீட்டைச் சூடாக்கும் புரொப்பேனும் வண்டியில் ஊற்றும் புரொப்பேனும் ஒரே தொட்டியிலிருந்து வந்தால் வரியைப் பிரித்து வாங்குவது கஷ்டம். அதனால் வந்த ஏற்பாடு இது. இப்போது பங்க்கிலேயே அளந்து வரி வாங்கலாம்: 5.66 பவுண்டு இயற்கை எரிவாயு ஒரு கேலன் பெட்ரோலுக்குச் சமம் என்ற கணக்கு இருக்கிறது. எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு வரி என்பதுதான் நியாயம். மின்சார வண்டிக்கு இன்று பல மாநிலங்கள் வாங்கும் வருடாந்திரக் கட்டணத்திலும், எவ்வளவு ஓடினாலும் ஒரே தொகை என்ற அதே பழைய குறை இருப்பதாகவே நினைக்கிறேன்.

கேள்வி: நீக்கல் மசோதா எழுதுபவர்கள் எதைத் தவறவிடுகிறார்கள்?

பதில்: வரையறையை. ‘மாற்று எரிபொருள்’ என்றால் என்ன என்று பழைய சட்டம் சொல்லியிருக்கும், வேறு நாலு சட்டங்கள் அந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டும். அதை அடித்துவிட்டால் அந்த நாலும் அந்தரத்தில் நிற்கும். 85 சதவீத மெத்தனால் கலவையை நம்பி எழுதிய காலத்து வரையறைகளில் இது சகஜம். அப்புறம் காப்பு வாசகம்: நீக்கும் முன் சேர்ந்த வரிப்பாக்கி, கொடுத்த உரிமம் எல்லாம் என்ன ஆகும் என்று ஒரு வரி எழுத வேண்டும்.

கேள்வி: இந்த வருட ஸ்டிக்கருக்குப் பணம் கட்டிவிட்டேன். நடுவில் சட்டம் போனால் பணம் திரும்ப வருமா?

பதில்: மசோதாவில் திருப்பித் தருவதாக எழுதியிருந்தால் வரும். எழுதாவிட்டால் எதிர்பார்க்காதீர்கள். அமலுக்கு வரும் தேதியை முதலில் பாருங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.