ஒன்பது பக்க வாழ்த்துரை

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் நூலகத்தில் நண்பரின் கவிதை நூல் வெளியீடு. என்னை வாழ்த்துரைக்கு அழைத்திருக்கிறார்கள், பத்து நிமிடம். மேடைப் பழக்கம் இல்லாததால் எழுதிப் படிக்கப் போகிறேன். ஒன்பது பக்கம் வந்துவிட்டது. நிமிடத்துக்கு 130 சொல் என்று இணையத்தில் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்த்துப் படிப்பது அழகில்லை என்கிறார் மனைவி. லிங்கன் இரண்டே நிமிடம்தான் பேசினாராமே. எவ்வளவுதான் எழுதுவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த 130 ஆங்கிலத்துக்கான கணக்கு. அவர்கள் நாலைந்து சொல்லில் சொல்வதை நாம் ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கும்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். சொல்லை எண்ணாதீர்கள். கடிகாரத்தை எதிரே வைத்து, நின்றுகொண்டு, வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் ஒன்பது பக்கம் கால் மணி நேரத்தைத் தாண்டும்.

லிங்கனை விட்டுவிடுங்கள், பாவம். 1863 நவம்பர் 19 அன்று அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில் முதன்மைப் பேச்சாளர் அவர் இல்லை, எட்வர்ட் எவரெட். அவர் இரண்டு மணி நேரம் பேசினார், அந்தக் காலத்தில் அது வழக்கம்தான். போர்வீரர்களின் கல்லறைத் தோட்டத்தை அர்ப்பணித்துச் சில வார்த்தை சொல்லத்தான் லிங்கனை அழைத்திருந்தார்கள். சொன்னார், உட்கார்ந்தார்.

விவேகானந்தரும் அப்படித்தான். சிகாகோ சர்வமத சபையில் 1893 செப்டம்பர் 11 அன்று அவருடைய வேலை வரவேற்புக்குப் பதில் சொல்வது. சில நிமிடத்தில் முடித்துவிட்டார். அதே சபையில் 19ஆம் தேதி இந்து மதம் பற்றி ஒரு கட்டுரை படித்தார், அது பல மடங்கு நீளம். ஆம், எழுதி வைத்துத்தான் படித்தார். மனைவியிடம் சொல்லுங்கள்.

எந்த வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதுதான் நீளத்தைத் தீர்மானிக்கிறது. அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, ஏற்புரை, நன்றியுரை என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். நம் ஊரில் அதை யாரும் மதிப்பதில்லை. வரவேற்பவர் நூலை விமர்சிக்கிறார், வாழ்த்த வந்தவர் தமிழ்க் கவிதையின் வரலாற்றைத் தொடங்குகிறார், தலைவர் தன் வரலாற்றை. ஏற்புரைக்குக் கவிஞர் எழும்போது பாதிப் பேர் பேருந்துக்குக் கிளம்பியிருப்பார்கள். அப்புறம் நன்றியுரை. இளவயதில் ஓர் இலக்கிய மன்றத்தில் அந்த வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். ராத்திரி உட்கார்ந்து ஒரு பக்கம் அழகாக எழுதிக்கொண்டு போவேன். பந்தல்காரர் நாற்காலிகளை மடக்கும் சத்தத்துக்கு நடுவே அதைப் படிப்பேன். பத்து நிமிடம் கேட்டு முப்பது நிமிடம் எடுத்துக்கொண்ட பெரியவர்கள் யாரும் அப்போது அரங்கில் இருந்ததில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை, அதனால்தான் உங்களிடம் எரிந்து விழுகிறேன்.

உண்மையைச் சொல்லுங்கள், அந்த ஒன்பது பக்கத்தில் நண்பரைப் பற்றி எத்தனை, உங்கள் படிப்பைப் பற்றி எத்தனை? கடைசி இரண்டு நிமிடத்தில் வேகமாகப் படித்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். மேடையிலிருப்பவர்களை வரிசையாக விளித்து முடிக்கவே இரண்டு நிமிடம் போய்விடும், பொன்னாடை போர்த்தினால் இன்னும் கொஞ்சம். ஆகவே மூன்று பக்கம். நண்பரின் ஒரே ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு, அது உங்களுக்கு ஏன் பிடித்தது என்று சொல்லுங்கள். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், தாளைப் பார்த்து வேண்டாம்.

மிச்ச ஆறு பக்கத்தைக் கிழித்துப் போடாதீர்கள். கட்டுரையாக்கி எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன்.