ஒரே வீடியோ கால்ல 'பார்டர்லைன்'னு சொல்லிட்டாங்க, நம்பலாமா?

கேள்வி: என் தங்கச்சிக்கு வயசு 23. வேலை போச்சு, அதே சமயம் லவ்வும் முறிஞ்சு போச்சு. மூணு மாசமா அழுகை, கோபம், தூக்கமே இல்ல. ஆன்லைன்ல ஒரு கவுன்சிலர் 40 கேள்வி ஃபார்ம் அனுப்பி, முக்கால் மணி நேரம் பேசிட்டு "இது பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர், ஆயுசுக்கும் போகாது, 24 செஷன் பேக்கேஜ் எடுத்துக்கோங்க"ங்கிறாங்க. எங்க அப்பாவும் 57 வயசுக்கப்புறம் ஆளே மாறிட்டார், யார்மேலயும் பாசம் இல்ல, கண்டபடி பேசுறார். அப்போ இது பரம்பரையா வர்றதா?

பதில்: முதல்ல அந்த பேக்கேஜுக்கு பணம் கட்டாதீங்க, மத்ததை அப்புறம் பேசலாம்.

பர்சனாலிட்டி டிஸார்டர், அதாவது ஆளுமைக் கோளாறுன்னு சொல்லணும்னா, ஒருத்தர் தன்னைப் பத்தி நினைக்கிறது, மத்தவங்களோட பழகுறது, கோபதாபத்தை சமாளிக்கிறது எல்லாம் டீன் ஏஜ்லயோ இருபதுகளோட ஆரம்பத்துலயோ கோணிக்கிட்டு அப்படியே வருஷக்கணக்கா ஓடணும், அதுவும் வீடு, வேலை, ஃப்ரெண்ட்ஸ்னு எல்லா இடத்துலயும் தெரியணும். நீங்க எழுதினதுல மூணு மாசம்தான் இருக்கு, அதுக்கு முன்னாடி அவங்க எப்படி இருந்தாங்கன்னு ஒரு வரி கூட இல்ல, அந்த கவுன்சிலரும் கேட்ட மாதிரி தெரியல. வேலையும் போய் காதலும் போனவங்க மூணு மாசம் அழுதா அது டிப்ரஷனா இருக்கலாம், வெறும் துக்கமாவும் இருக்கலாம். டிப்ரஷன்ல இருக்கிறப்போ 'உங்க வாழ்க்கை வெறுமையா இருக்கா'ன்னு கேட்டா என்ன பதில் வரும்? அது இறங்கினப்புறம் அதே ஆள் அதே கேள்விக்கு வேற டிக் போடுவாங்க.

அந்த ஃபார்ம் விஷயத்துலதான் எனக்கு எரிச்சல். 'உங்க மூட் அடிக்கடி மாறுமா', 'கோபத்துல பேசிட்டு பின்னாடி வருத்தப்பட்டிருக்கீங்களா'ன்னு கேட்டா ஆமான்னு போடாதவங்க யாரு? இந்த மாதிரி ஃபார்ம் எல்லாம் யாரை இன்னும் விசாரிக்கணும்னு பொறுக்கி எடுக்கத்தான், ஒண்ணும் இல்லாதவங்களையும் சேர்த்து இழுத்துட்டு வரும். அதை வெச்சே முடிவு எழுதுறது அயோக்கியத்தனம். ஒழுங்கா பண்றவங்க ஒவ்வொரு 'ஆமா'வையும் துருவுவாங்க. மூட் மாறினா எவ்வளவு நேரம் நிக்கும், கடைசியா எப்போ, அன்னிக்கு என்ன நடந்துச்சு, ஸ்கூல்லயும் இப்படித்தானா? பார்டர்லைன்ல மூட் பெரும்பாலும் மணிக்கணக்குல மாறும், தூக்கமே வேண்டாம்ங்கிற உற்சாகம் நாலு நாள், ஒரு வாரம்னு தொடர்ந்து நின்னா பைபோலாரான்னு (அளவுக்கு மீறின உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வர்ற வேற நோய்) பாக்கணும், அதுக்கு சிகிச்சையே வேற. தைராய்டு, போதைப் பழக்கம், பழைய அதிர்ச்சி இதையும் விசாரிச்சு தள்ளணும். கூட வளர்ந்த ஒருத்தரை உக்கார வெச்சு கேக்கணும், அதாவது உங்களை. உங்களை யாராவது கேட்டாங்களா?

வகைகளைப் பத்தி ரொம்ப மண்டையை உடைச்சுக்காதீங்க. அமெரிக்க மனநல மருத்துவர்களோட நோய்க் கையேடான டிஎஸ்எம்-5ல ஆளுமைக் கோளாறு பத்து வகை, அதுல பார்டர்லைனுக்கு ஒன்பது அடையாளம், குறைஞ்சது அஞ்சு இருக்கணும். உலக சுகாதார அமைப்போட நோய்ப் பட்டியலான ஐசிடி-11, 2022ல நடைமுறைக்கு வந்தது, அந்தப் பழைய வகைகளையே தூக்கிட்டு லேசா, நடுத்தரமா, கடுமையான்னுதான் முக்கியமா பார்க்குது, பழைய வகைகள்ல பார்டர்லைனை மட்டும் ஒரு கூடுதல் குறிப்பா வெச்சிருக்கு. புத்தகம் எழுதுறவங்களே இன்னும் ஒத்துப் போகல, இவங்க முக்கால் மணி நேரத்துல முடிச்சிட்டாங்களாம்.

ஆயுசுக்கும் போகாதுன்னு சொன்னது வியாபாரப் பேச்சு. பார்டர்லைன் உள்ளவங்களை வருஷக்கணக்கா தொடர்ந்து பார்த்த ஆய்வுகள்ல பெரும்பாலானவங்களுக்கு அந்த அடையாளங்கள் தணிஞ்சிருக்கு, அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கின டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) மாதிரி பேச்சு சிகிச்சை நல்லா உதவுது. இதுக்குன்னே அங்கீகாரம் வாங்கின மாத்திரை எதுவும் கிடையாது, அதனால மருந்து பேக்கேஜ்னு யாராவது வந்தா அவங்களையும் அனுப்பி வெச்சிடுங்க.

ஜனங்க ஏன் இவங்ககிட்ட போய் மாட்டுறாங்கன்னும் எனக்குத் தெரியும். கூட்டமா இருக்கிற ஆஸ்பத்திரில பத்து நிமிஷம் கிடைச்சா பெருசு, அதுக்குள்ள ஒருத்தர் ஃபைல்ல ஒரு பேரை எழுதுவார், அடுத்தவர் அதைப் பார்த்து அப்படியே இறக்குவார், அஞ்சு வருஷம் கழிச்சு அந்தப் பேர் எங்கிருந்து வந்துச்சுன்னே யாருக்கும் தெரியாது. அந்த சந்துலதான் டெஸ்ட் விக்கிறவங்க, ஆள் பிடிச்சு அனுப்பி கமிஷன் வாங்குறவங்க எல்லாம் புகுந்துக்கிறாங்க.

தங்கச்சியை ஒரு சைக்யாட்ரிஸ்ட்கிட்டயோ, முறையா பயிற்சி எடுத்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கிட்டயோ கூட்டிட்டுப் போங்க, பேர் வைக்க ஒரு சிட்டிங் போதாதுன்னு அவங்களே சொன்னா நல்ல இடம்னு அர்த்தம். ஆனா சாகணும்னு பேசினாலோ கையை கிழிச்சுக்கிட்டாலோ எந்தப் பேருக்கும் காத்திருக்காதீங்க, அன்னிக்கே எமர்ஜென்சிக்குப் போங்க.

பரம்பரைன்னு கேட்டீங்க. இரட்டையர்களை வெச்சுப் பண்ண ஆய்வுகள்ல மரபணுவுக்கு ஏறக்குறைய பாதி பங்குன்னு வருது, மீதி வளர்ந்த சூழல், சின்ன வயசு காயங்கள். அப்பா, அம்மாவுக்கு இருந்தா பிள்ளைக்கு வந்தே தீரும்னு கிடையாது. ஆனா உங்க அப்பாவை இந்தக் கணக்குல சேர்க்கவே சேர்க்காதீங்க, இங்கதான் கொஞ்சம் நிறுத்தி படிங்க. 57 வயசு வரைக்கும் ஒழுங்கா இருந்தவர் திடீர்னு வேற ஆளா ஆனா அது ஆளுமைக் கோளாறு இல்ல, மூளைல என்னமோ நடக்குதுன்னுதான் முதல்ல நினைக்கணும். ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியான்னு ஒரு மறதி நோய் இருக்கு, பேர்தான் மறதி நோய், ஆரம்பத்துல ஞாபகம் பெரும்பாலும் நல்லாவே இருக்கும், பாசம் வத்திப் போறது, கூச்சமில்லாம பேசுறது, ஸ்வீட்டை அள்ளி அள்ளி சாப்பிடுறது, ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப செய்யுறதுன்னு வரும், 45லேர்ந்து 65 வயசுக்குள்ள ஆரம்பிக்கிறது சகஜம். கீழே விழுந்து தலைக்குள்ள மெதுவா ரத்தம் கட்டுறது, கட்டி, தைராய்டு, பி12 குறைபாடு, குடி, இதெல்லாமும் ஆளை மாத்தும், இதுல சிலதை சரி பண்ண முடியும். குடும்பம் என்னவோ 'வயசானா இப்படித்தான்'னு ரெண்டு மூணு வருஷத்தை ஓட்டிடும்.

அதனால தங்கச்சி பத்திரமா இருக்காங்கன்னா, நியூராலஜிஸ்ட்கிட்ட முதல் அப்பாயின்ட்மென்ட் அப்பாவுக்குப் போடுங்க, எப்போலேர்ந்து மாறினார், சமீபத்துல எங்கயாவது விழுந்தாரான்னு தேதியோட எழுதி எடுத்துட்டுப் போங்க.