இடப்பக்கம் திரும்பாத செயின் டிராக்டர்: கழற்றும் முன் செய்ய வேண்டியவை

கேள்வி: கந்தப்பளைக்கு அருகே இரண்டு ஏக்கரில் லீக்ஸும் கரட்டும் செய்கிறேன். தோட்டமொன்றில் கிடந்த பழைய கேட்டர்பில்லர் டி4 செயின் டிராக்டரை வாங்கி, பாதை திருத்தவும் பழைய தேயிலைத் தூர்களைப் பிடுங்கவும் பயன்படுத்தி வந்தேன். போன மழை முழுவதும் அது கொட்டிலில் சும்மா நின்றது. இப்போது எஞ்சின் நன்றாக ஓடுகிறது, வலப்பக்கமும் திரும்புகிறது. இடப்பக்க லீவரை இழுத்தால் மட்டும் நேராகவே போகிறது. முழுவதும் கழற்ற வேண்டும் என்கிறார்கள் கராஜில். வேறு வழி இருக்கிறதா ஐயா?

பதில்: இருக்கிறது தம்பி. இப்படி நின்றுபோன இயந்திரங்களில் பலவற்றைக் கழற்றாமலே விடுவிக்கலாம். ஆனால் முதலில் அதைச் சமதரைக்குக் கொண்டுவாருங்கள். இப்போதைய நிலையில் சரிவிலோ பாத்தி வரப்பின் விளிம்பிலோ அதை ஓட்டவே கூடாது. ஒவ்வொரு பக்கச் செயினுக்கும் தனிக் கிளட்ச் உண்டு, லீவரை இழுத்தால் அந்தப் பக்கச் செயினை எஞ்சினிலிருந்து பிரிப்பது அதுதான். ஒட்டிக்கொண்ட கிளட்ச் எந்த நொடியில் விடுபடும் என்று யாராலும் சொல்ல முடியாது. இறக்கத்தில் அது விடுபட்டு, நீங்கள் பிரேக்கை மிதிக்காமலும் இருந்தால், இடப்பக்கச் செயின் தடையின்றி முன்னே ஓடும். இடப்பக்கம் திரும்ப வேண்டிய இயந்திரம் வலப்பக்கம் திரும்பிவிடும். மலையில் செயின் டிராக்டர் ஓட்டுகிறவர்கள் மறக்கவே கூடாத விடயம் இது.

அடுத்து, கோளாறு எங்கே என்பதை உங்கள் கையே சொல்லும். எஞ்சினை நிறுத்திவிட்டு இடது லீவரை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஸ்பிரிங்கின் கனம் கையில் தெரிந்து, விட்டதும் லீவர் தானாகத் திரும்பினால், உள்ளே தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. கனமே இல்லாமல் தொளதொளவென்று வந்தால், இணைப்புத் தண்டு கழன்றிருக்கும், அல்லது வெறும் இழுப்பு, அதாவது பிடிப்பில்லாமல் லீவர் நகரும் தூரம், கூடியிருக்கும். அதைக் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்தாலே போதும். லீவர் அசையவே மறுத்தால், விடுவிக்கும் பேரிங்கும் அதன் கவையும் இறுகியிருக்கின்றன. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முதல் வகைதான்.

டி4 போன்ற பழைய இயந்திரங்களில் இந்தக் கிளட்ச் உலர்ந்த நிலையில் ஓடும். இரும்புத் தட்டும் உராய்வுத் தட்டும் மாறிமாறி அடுக்கப்பட்டு, ஸ்பிரிங்குகளால் இறுக அழுத்தப்பட்டிருக்கும். நடு அறையில் ஒயிலில் மூழ்கிய பற்சில்லும் அதன் இரு பக்க அறைகளில் ஒவ்வொரு கிளட்ச்சும் இருக்கும். பக்க அறைக்குள் ஈரம் போனால் இரும்புத் தட்டு கறள் பிடித்து, உராய்வுத் தட்டோடு ஒட்டிவிடும். நுவரெலியாப் பக்கத்தில் மழைதான் உள்ளே போக வேண்டும் என்றில்லை. பகலில் சூடான இரும்பு இரவில் குளிரும்போது, பனிமூட்டத்தின் ஈரமே உள்ளே வியர்த்து நிற்கும்.

இனி வேலைக்கு வருவோம். இடப்பக்க அறையின் அடியிலுள்ள வடிகால் அடைப்பைத் திறவுங்கள். தண்ணீர் வந்தால் காரணம் தெரிந்துவிட்டது. ஒயில் வந்தால் உள்ளே ஒரு சீல் போயிருக்கிறது. அந்தச் சீலை மாற்றாமல் கீழே சொல்லும் எதுவும் நிலைக்காது.

தண்ணீர் மட்டும்தான் என்றால், சமதரையில் ஒரு மணி நேரமாவது நேர்க்கோட்டில் வேலை செய்து, பின்பகுதி முழுவதும் நன்றாகச் சூடேறட்டும். பிறகு முதல் கியரில், பாதி வேகத்தில் ஓட்டியபடி இடது லீவரை முழுவதும் இழுத்துப் பிடித்து, இடது பிரேக்கை அழுத்தி மிதியுங்கள். எஞ்சின் திணறும். அது நிற்பதற்குள் காலை எடுத்துவிடுங்கள். பின் கியரிலும் அப்படியே செய்யுங்கள். முன்னும் பின்னும் பத்துப் பன்னிரண்டு முறை போதும். உயர்ந்த கியரில் பிரதான கிளட்ச்சைச் சட்டென்று விட்டு உதறச் சொல்பவர்கள் உண்டு. அதைக் கேட்காதீர்கள், பற்சில்லின் பல் உடைந்தால் கிளட்ச்சைவிடப் பெரிய செலவு. அன்று விடவில்லையென்றால், லீவரைப் பின்னுக்கு இழுத்துக் கயிற்றால் கட்டி, இரவு முழுவதும் அப்படியே விடுங்கள். தட்டுகளின் மேல் அழுத்தம் இல்லாதபோது ஒட்டு தளரும். காலையில் மறுபடியும் சூடாக்கி முயலுங்கள்.

இரண்டு மூன்று நாளில் அசையாவிட்டால் கழுவிப் பாருங்கள். இயந்திரம் முழுவதும் ஆறிய பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும். அடைப்பை மூடி, கிளட்ச்சைச் சுற்றியுள்ள டிரம்மின் அடிப்பகுதி நன்றாக மூழ்கும் அளவுக்கு டீசலை அறைக்குள் ஊற்றுங்கள். உங்கள் டி4ஐ முடுக்குவது சிறிய பெட்ரோல் எஞ்சின் என்பதால் பெட்ரோல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். அதை ஒரு சொட்டும் இதற்கு எடுக்காதீர்கள், மூடிய அறைக்குள் அதன் ஆவி பற்றினால் ஆளே போய்விடும். லீவரைக் கட்டிய நிலையில் ஓர் இரவு ஊறவிட்டு, காலையில் முதல் கியரில் சிறிது தூரம் முன்னும் பின்னும் ஓட்டி, லீவரை இழுத்து இழுத்து விடுங்கள். பிறகு வடித்துவிடுங்கள். முதல் தடவை வருவது சாயத்தண்ணீரைப்போலக் கருஞ்சிவப்பாக, விரலில் தேய்த்தால் நறநறவென்று இருக்கும். கறள்தூள் அது. டீசல் ஊற்றிய நிறத்திலேயே திரும்பி வரும்வரை இதைச் செய்யுங்கள். பெரும்பாலும் இரண்டாவது மூன்றாவது கழுவலில், ஒரு சிறிய உதறலோடு இயந்திரம் இடப்பக்கம் முகத்தைத் திருப்பும்.

அந்த மகிழ்ச்சியில் நேராகக் காட்டுக்கு ஏற்றிவிடாதீர்கள் தம்பி. பிரேக் பட்டி சுற்றியிருப்பதும் அதே டிரம்மின் மேல்தான், அதுவும் டீசலில் நனைந்திருக்கும். ஓர் இரவு முழுவதும் வடியவிட்டு, மறுநாள் சமதரையில் இலகுவான வேலை கொடுத்து, பிரேக்கை மிதித்து மிதித்து உலர்த்துங்கள். இடது பிரேக் வலது பிரேக்கைப்போலப் பிடிக்கும்வரை சரிவில் கால் வைக்க வேண்டாம்.

மேல்மூடியைத் திறந்து தட்டுகளுக்கிடையே உளியோ கத்தியோ செருகுவதை நான் ஏற்பதில்லை. தட்டு வளைந்துவிட்டால் பிறகு என்ன செய்தாலும் கிளட்ச் ஒழுங்காக விடாது. ஒயில் ஊற்றவும் வேண்டாம், உராய்வுத் தட்டு அதை உறிஞ்சிக்கொண்டு பின்னர் வழுக்கும்.

இத்தனைக்கும் விடவில்லையென்றால் கராஜ்காரர் சொன்னதே சரி. ஆசனம், பின்புற டீசல் தாங்கி, மேல்மூடி எல்லாம் இறங்க வேண்டும். ஒன்றிரண்டு தட்டுகளை மட்டும் மாற்றாமல் முழுத் தொகுதியாக மாற்றுங்கள். பாகம் தேடும்போது வரிசை எண்ணைக் கையில் வைத்திருங்கள். 1947க்கும் 1959க்கும் இடையில் வந்தவற்றில், 6யு என்று தொடங்கினால் குறுகிய 44 அங்குலத் தட அகலம் (ஒரு செயினின் நடுவிலிருந்து மற்றதன் நடுவரை), 7யு என்றால் 60 அங்குலம். ஒன்று முக்கியம்: பழைய உராய்வுத் தட்டுகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். அந்தத் தூளைக் காற்றடித்து ஊதவிடாதீர்கள், ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவே வேண்டாம்.

சரியான பிறகு, லீவர்கள் வெளியே வரும் துளைகளின் ரப்பர் உறைகளைப் பாருங்கள். வெடித்திருந்தால் தண்ணீர் போன வழி அதுதான். ஆசனத்தின் மேல் படங்கு போடுங்கள், ஆனால் காற்றுப் போக இடம்விட்டு. நிறுத்திவைக்கும் காலத்தில் வடிகால் அடைப்பைத் திறந்தே விட்டு, மறுபடி ஓட்டும் முன் மூடிக்கொள்ளுங்கள். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரத்தில் ஒரு நாள் எஞ்சினை முடுக்கி, கொட்டிலுக்கு முன்னால் இரு பக்கமும் நான்கு முறை திருப்பி நிறுத்துங்கள்.