ஒரே முகவரிக்கு இரண்டு பள்ளி காட்டினால்

அடுத்த ஆண்டுக்கு உங்கள் ஒரே முகவரிக்கு இரண்டு பள்ளி காட்டுகிறது, எல்லை மாறிவிட்டதா என்று கேட்டீர்கள். உங்கள் வீடு இப்போதைய பள்ளியின் எல்லையை விட்டு வெளியே போய்விடவில்லை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், இரண்டாம் வகுப்புப் பையனும் நான்காம் வகுப்புப் பெண்ணும் வேறு வேறு கட்டடத்துக்குப் போவார்கள், அவ்வளவுதான்.

பள்ளி மாவட்டம் (அமெரிக்காவில் ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் இரண்டை ஜோடி சேர்க்கிறது என்று நினைக்கிறேன். இரண்டு பகுதிப் பிள்ளைகளும் ஒன்றாகிவிடுவார்கள்; சின்ன வகுப்புகள் ஓரிடம், பெரிய வகுப்புகள் இன்னோரிடம். புதுசு ஒன்றும் இல்லை, நியூஜெர்சியின் பிரின்ஸ்டனில் 1948லேயே செய்தார்கள். வட கரோலினாவின் சார்லட்டில் 2017இல் கல்வி வாரியம் வாக்களித்து, பில்லிங்ஸ்வில் பள்ளியில் 2ஆம் வகுப்பு வரை, காட்ஸ்வோல்ட் பள்ளியில் 3 முதல் 5 வரை என்று பிரித்தது.

உறுதி செய்ய:

1. மாவட்டத் தளத்தின் பள்ளி தேடும் பக்கத்தில் முகவரி போட்டு, அடுத்த கல்வியாண்டைத் தேர்ந்தெடுங்கள். வீடு விற்கும் தளங்களின் வரைபடம் வேண்டாம், அவை பழசாக இருக்கலாம்.

2. வகுப்பை 2 என்றும் 4 என்றும் மாற்றிப் பாருங்கள். ஒன்றுக்கு மட்டும் இப்போதைய பள்ளி வந்தால் ஜோடி. எதற்குமே வராவிட்டால்தான் உண்மையான எல்லை மாற்றம்.

ஆனால் வாரியம் வாக்களிக்கும்வரை எல்லாமே வரைவுதான், கடைசி வாரத்தில்கூட மாறும். பொதுக் கூட்டத்துக்குப் போனால் வீட்டு விலை பற்றிப் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள் (அதை எப்படியும் பத்துப் பேர் பேசுவார்கள்). இரண்டு கட்டடத்துக்கும் பள்ளி தொடங்கும் நேரம் என்ன, ஒரே பஸ்ஸா, 5ஆம் வகுப்புக்குப் பிறகு எந்த நடுநிலைப் பள்ளி என்று எழுத்தில் கேளுங்கள்.