மகள் கணக்கில் ‘மொட்டு’, மகனுக்கு ‘பி1’: எதைப் பார்த்துக் கவலைப்படுவது?

கேள்வி: புதுவயல் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். கணவர் சிங்கப்பூரில் வேலை. மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. தமிழில் ‘மலர்’, கணக்கில் ‘மொட்டு’ என்று டீச்சர் சொல்கிறார். ஆனால் பருவத் தேர்வில் கணக்குக்கு 60-க்கு 51 வாங்கியிருக்கிறாள். மகன் காரைக்குடியில் மெட்ரிக் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. அறிவியலில் எஃப்.ஏ. 40-க்கு 38, எஸ்.ஏ. 60-க்கு 41, கிரேடு பி1. பிள்ளைகளின் அப்பத்தா "ரேங்க் எத்தனை?" என்று மட்டும் கேட்கிறார். இதையெல்லாம் எப்படிப் புரிந்துகொள்வது? மகளையும் காரைக்குடிப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா?

பதில்: முதலில் மகளின் கணக்கு. 51 மதிப்பெண்ணும் உண்மையாக இருக்கலாம், ‘மொட்டு’ம் உண்மையாக இருக்கலாம்.

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் ஏற்பட்ட இடைவெளியைச் சரிசெய்ய 2022 ஜூனில் தமிழக அரசு எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கு வந்தது, அடுத்த கல்வியாண்டில் 4, 5-க்கும் விரிந்தது. எட்டு வயதுக்குள் பிழையின்றிப் படிக்க, எழுத, அடிப்படைக் கணக்குப் போட வரவேண்டும் என்பது இலக்கு. அதில் வந்தவைதான் அரும்பு, மொட்டு, மலர். தோராயமாகச் சொன்னால் அரும்பு ஒன்றாம் வகுப்புத் திறன், மொட்டு இரண்டாம் வகுப்புத் திறன், மலர் மூன்றாம் வகுப்புத் திறன். ஒவ்வொரு பாடத்துக்கும் நிலை தனி. அதனால்தான் உங்கள் மகள் தமிழில் ஓரிடத்திலும் கணக்கில் வேறிடத்திலும் இருக்கிறாள்.

இந்த முறையில் குழந்தையின் நிலைக்கு ஏற்ற பயிற்சியும் வினாத்தாளும் கொடுப்பது வழக்கம். மொட்டு நிலைத் தாளில் வாங்கிய 51-ஐ, மலர் நிலைத் தாளில் பக்கத்து வீட்டுப் பிள்ளை வாங்கிய 42-உடன் ஒப்பிட முடியாது. அதனால் டீச்சரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "எந்த நிலைத் தாள் எழுதினாள்?" அது தெரியாமல் மதிப்பெண்ணை மட்டும் வாட்ஸ்அப்பில் சிங்கப்பூருக்கு அனுப்பினால் அப்பாவுக்கும் ஒன்றும் விளங்காது.

மொட்டு என்பது முத்திரை இல்லை, எந்தக் குழுவில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது என்பதற்கான ஏற்பாடு. திறன் வந்துவிட்டால் மேலே போய்விடலாம். ஆனாலும் பூசி மெழுகிச் சொல்ல விரும்பவில்லை. மூன்றாம் வகுப்பில் கணக்கில் மொட்டு என்றால், இரண்டாம் வகுப்பில் வந்திருக்கவேண்டிய ஏதோ ஒன்று இன்னும் வரவில்லை. அந்த ‘ஏதோ ஒன்று’ எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

பெரும்பாலும் அது ஒரே ஒரு இடமாகத்தான் இருக்கும். ஒரு தாளில் 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள். 25 என்று வந்தால் நல்லது. 35 என்று எழுதினால் அது கவனக்குறைவு இல்லை. 2-லிருந்து 7 போகாது என்பதால் 7-லிருந்து 2-ஐக் கழித்துவிட்டாள். கடன் வாங்குவது, அதாவது ஒரு பத்தைப் பிரித்தால் பத்து ஒன்றுகள் கிடைக்கும் என்பது, மனதில் ஏறவில்லை. ‘கணக்கு வராது’ என்று நாம் சொல்வதன் பின்னால் இந்த ஒன்றுதான் இருக்கும். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஈர்க்குச்சிக் கட்டுகள் போதும். ஐந்து கட்டும் இரண்டு குச்சியும் வைத்து 27 எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கட்டை அவளே அவிழ்க்கவேண்டும், நீங்கள் அவிழ்த்துக் கொடுக்கக் கூடாது.

அப்புறம் தமிழ். மலர் என்று சொல்லிவிட்டார்கள் என்று விட்டுவிடாதீர்கள். பாடப்புத்தகத்தைப் படிக்கச் சொல்லிச் சோதிப்பதில் பிரயோசனம் இல்லை. பல பிள்ளைகள் பாடத்தை மனப்பாடமாகவே ஒப்பிப்பார்கள், விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரிக்குப் போயிருக்கும். பார்க்காத எழுத்தைக் கொடுங்கள். காரைக்குடிக்குப் போகும்போது பஸ் போர்டைப் படிக்கச் சொல்லலாம்: தேவகோட்டை, பள்ளத்தூர், அறந்தாங்கி, திருப்பத்தூர். தேவகோட்டையில் ‘கோ’வைக் ‘கொ’ என்று படிக்கிறாளா, பள்ளத்தூரில் ளகரம் சரியாக வருகிறதா, அறந்தாங்கியில் ‘ந்தா’வில் தடுக்குகிறதா என்று கேளுங்கள். ரேஷன் கடை அறிவிப்பும் நல்ல பாடம்தான். படித்து முடித்ததும் "என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்க மறக்காதீர்கள். எழுத்தை வாசிப்பது பாதி, பொருள் பிடிப்பது மீதி.

இனி டீச்சரைப் பார்க்கும்போது. "நல்லாப் படிக்கிறாளா?" என்று கேட்டால் "நல்லாத்தான் படிக்கிறா, இன்னும் கொஞ்சம் கவனம் வேணும்" என்ற பதில்தான் வரும். அதை வைத்துக்கொண்டு வீட்டில் எதுவும் செய்ய முடியாது. "டீச்சர், கழித்தல்ல இவளுக்கு எங்க தட்டுது? பயிற்சி நூல்ல காட்டுங்களேன்" என்று கேளுங்கள். வேறு பேச்சு வரும். பயிற்சி நூலில் சிவப்பு மைத் திருத்தங்களைப் பாருங்கள்: ஒரே மாதிரிப் பிழை திரும்பத் திரும்ப வருகிறதா, திருத்திய பிறகு குழந்தை மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறாளா? டீச்சர் ஒவ்வொரு குழந்தைக்கும் எந்தக் கற்றல் விளைவு, அதாவது படித்து வரவேண்டிய திறன், வந்திருக்கிறது என்று குறித்துவைத்திருப்பார், செல்போன் செயலியிலும் பதிவேற்றுவார். கேட்டால் சொல்வார். ஒருவரே இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் பள்ளியாக இருக்கலாம். காலையில் வாசலில் நின்று கேட்காமல், பள்ளி விட்டதும் பத்து நிமிஷம் நேரம் கேட்டுப் போங்கள். பருவம் முடியும் வரை காத்திருக்கவும் வேண்டாம். செப்டம்பரில் தெரியவேண்டியது ஏப்ரலில் தெரிந்து என்ன லாபம்?

மகனின் அட்டை வேறு கதை. 2012-13-ல் முப்பருவ முறை வந்தபோது வைத்த கணக்கு அது. வளரறி மதிப்பீடு, அதாவது எஃப்.ஏ., 40 மதிப்பெண். செயல்பாடு, ஒப்படைப்பு, சிறு தேர்வு எல்லாம் இதில் சேரும். தொகுத்தறி மதிப்பீடு, எஸ்.ஏ., பருவக் கடைசியில் எழுதும் 60 மதிப்பெண். இரண்டும் சேர்ந்து உங்கள் மகனுக்கு 79. 71 முதல் 80 வரை பி1. கிரேடு சரிதான், ஆனால் அது ஒரு விஷயத்தை மறைக்கிறது. எஃப்.ஏ.யில் 100-க்கு 95 என்ற கணக்கு, எஸ்.ஏ.யில் 68 என்ற கணக்கு. இவ்வளவு இடைவெளி இருந்தால் நான் இரண்டு காரணங்களைச் சந்தேகிப்பேன். ஒன்று, தெர்மாகோல் மாடலையும் சார்ட்டையும் யார் செய்தார்கள்? காரைக்குடிக் கடைகளில் ரெடிமேடாக வாங்கி, பெயர் மட்டும் பையன் எழுதியிருந்தால் அந்த 38 உங்கள் பர்ஸுக்குக் கிடைத்த மதிப்பெண். இரண்டு, அவனுக்கு விஷயம் தெரியும், ஆனால் சொந்த வாக்கியத்தில் எழுத வரவில்லை. விடைத்தாளை வாங்கிப் பாருங்கள். ஒரு வரி விடைகள் சரியாக இருந்து, ‘ஏன்’, ‘எப்படி’ கேள்விகள் காலியாக இருந்தால் இரண்டாவதுதான் காரணம். அவனிடம் அந்தக் கேள்விகளை வாயால் கேட்டுப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

அப்பத்தா கேட்கும் ரேங்க் பற்றி: இவன் முதல் ரேங்க் என்றால் மற்றவர்கள் இவனைவிடக் குறைவு என்று தெரியும், இவனுக்கு என்ன தெரியும் என்பது தெரியாது. அவருக்கு ஒரு வழி சொல்கிறேன். தினமும் சாயங்காலம் பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்தித்தாளில் நாலு வரி படிக்கச் சொல்லிக் கேட்கட்டும். எந்த ரேங்க் கார்டையும்விட அவருக்கே நன்றாகத் தெரிந்துவிடும்.

‘பாஸ்’ என்ற சொல்லையும் நம்பி இருக்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009 எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019-ல் சட்டம் திருத்தப்பட்டு 5, 8-ஆம் வகுப்புகளில் மாநிலங்கள் முடிவு செய்துகொள்ளலாம் என்றானது. தமிழ்நாடு பொதுத் தேர்வு அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் ரத்து செய்தது. எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி தொடர்கிறது. எனக்கு அதில் உடன்பாடுதான், பத்து வயதுப் பிள்ளையை ஃபெயிலாக்கி எதுவும் சாதித்துவிட முடியாது. ஆனால் ஃபெயில் இல்லை என்பதால் எச்சரிக்கை மணி அட்டையில் அடிக்காது. நோட்டைப் புரட்டினால்தான் கேட்கும்.

மாற்றுவது பற்றி: இப்போது வேண்டாம் என்பேன். கழித்தலில் தட்டுகிற பிள்ளையை ஆங்கில வழிக்கு மாற்றினால் கழித்தல் தடுமாற்றமும் அப்படியே இருக்கும், அதன் மேல் மொழிச் சிக்கலும் ஏறும். மகனின் பள்ளியில் அட்டை அழகாக இருக்கிறது, ஆனால் அவன் எங்கே தடுமாறுகிறான் என்பதை உங்கள் மகளின் டீச்சர் சொன்ன அளவுக்குக்கூட அது சொல்லவில்லை. பள்ளியில் ஆசிரியர் இல்லை, வகுப்பே நடப்பதில்லை என்றால் அது வேறு. அதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுப்புங்கள், அதன் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். இந்தப் பருவம் முழுக்கக் கழித்தலில் கவனம் வையுங்கள். பருவ முடிவில் எந்த நிலைத் தாள் எழுதினாள் என்று பார்த்துவிட்டு அப்போது யோசிக்கலாம்.